எலியை ஒரு வீடு ஒழிக்காது. ஒரு தெரு ஒழிக்கும்



சென்ற கார்த்திகை மாதத்தில் நம் தெருவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இம்மாதப் பாடத்தைத் தொடங்குவோம். நெசவாள உறுப்பினர் ஒருவர், தை மாத முகூர்த்தங்களுக்கென மூன்று பட்டுச் சேலைகளுக்குரிய பாவைத் தறியில் பிணைத்து, ஒரு முழம் நெய்துவிட்டு இரவு உறங்கச் சென்றார். விடியற்காலையில் விளக்கை ஏற்றிப் பார்த்தபோது, அச்சுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்திற்கு இழைகள் அறுபட்டுத் தொங்கின. அறுந்தவற்றை ஒவ்வொன்றாக முடிந்து சேர்க்க அவரும் அவருடைய மனைவியாரும் நான்கு நாட்கள் உழைத்தனர். அந்நான்கு நாட்களுக்கும் கூலி இல்லை. கண் வலியே மிச்சம்.

அவர் பொறி வைத்தார். இரண்டு எலிகள் அகப்பட்டன. மூன்றாம் வாரத்தில் மறுபடியும் பாவு அறுந்தது. சுவருக்கு அப்பால் உள்ள வீட்டில் குடியிருப்பவர் உழவர். அவரும் நம் சங்க உறுப்பினரே. "உங்கள் கடலை மூட்டையைத் தேடித்தான் எலி வருகிறது" என்றார் நெசவாளர். "உங்கள் கஞ்சித் தொட்டியைத் தேடித்தான் வருகிறது" என்றார் உழவர். இருவருக்கும் பேச்சு முறிந்தது. பின்னர் விதைப்புக்காக உழவர் தம் விதைக்கடலை மூட்டையை நகர்த்தியபோது, இரு வீட்டிற்கும் பொதுவான சுவரின் அடியில் ஒரு துளை தென்பட்டது. அதனுள் பந்து போன்ற ஒரு கூடு. அரக்கும் பச்சையுமான பட்டிழைகளால் ஆகிய அக்கூட்டின் நடுவே கண் திறவாத சுண்டெலிக் குட்டிகள் ஐந்து. சுற்றிலும் கடலைத் தோல். பட்டு ஒருவருடையது, கடலை மற்றவருடையது, வளையோ இருவருக்கும் பொதுவான சுவரில்! இருவர் கூறியதும் உண்மையே. எனினும், இருவரும் பாதி உண்மையைத்தான் கூறினர்.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது பழமொழி. ஆயின் எலியின் கண்ணுக்கு நம் வீடுகள் தனி வீடுகள் அல்ல. ஒட்டிய சுவரும் தொடர்ந்த கூரையும் உடைய ஒரு தெரு முழுவதும் அதற்கு ஒரே வீடு. ஆதலின் எலியை விலக்கும் வேலை, நூல் வாங்குவதும் விளைபொருள் விற்பதும் போலக் கூடிச் செய்ய வேண்டிய வேலையாகும். இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நம் வீட்டில் இருப்பது எது?

பகைவனை அறியாமல் போருக்குப் புறப்படுதல் கூடாது. எலி என்று நாம் பொதுவாகச் சொல்லுவனவற்றுள் நான்கு வகை உண்டு.

சுண்டெலி மிகச் சிறியது. எடை 15 முதல் 20 கிராம். அதன் புழுக்கை சீரகத்தை ஒத்திருக்கும். ஒரு நாளைக்கு அது உண்பது ஏறத்தாழ 3 கிராம் தானியமே. ஆனால் பல இடங்களில் சிறிது சிறிதாகக் கொறிப்பதால், உண்பதைவிடப் பாழாக்குவதே மிகுதி. தண்ணீர் இல்லாமலும் உலர்ந்த தானியத்தைக் கொண்டே நெடுநாள் வாழ வல்லது. கூட்டிலிருந்து சில கெச தூரத்திற்குள்ளேயே நடமாடும்.

வீட்டெலி உருவில் பெரியது. வால் உடலினும் நீண்டது. ஏறுவதில் வல்லது. கூரை, பரண், உத்திரம் ஆகியவையே இதன் இருப்பிடம். இதன் புழுக்கை அரை அங்குல நீளம் வரை இருக்கும். இதற்கு நாள்தோறும் தண்ணீர் தேவை.

பெருச்சாளி தரையைக் குடைவது. சலதாரை ஓரத்திலும், வைக்கோற்போரின் அடியிலும், தறிக்குழிச் சுவரிலும் மண்ணைத் தோண்டிக் குவித்திருந்தால் அது பெருச்சாளியின் வேலை என்று அறியலாம்.

நான்காவதாகிய மூஞ்சூறு, எலியே அன்று. நீண்ட கூரிய மூக்கும், கெட்ட நாற்றமும், கீச்சென்ற குரலும் உடையது. கரப்பானையும் பூச்சிகளையும் தின்பது. நூலைத் துண்டிக்காது, மூட்டையைத் துளைக்காது. இதனை எலியென எண்ணிக் கொல்வது நமக்கு உதவும் ஒன்றை நாமே இழப்பதாகும். கதவைத் திறந்து வெளியே போக விடுதலே போதும்.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எனவே கடிப்பது அதற்குப் பசியினால் மட்டும் விளைவதன்று. மரம், ஈயக்குழாய், மின்கம்பியின் உறை எதுவாயினும் கடிக்கும். நூலைக் கடிப்பதற்கு மேலும் இரு காரணங்கள் உள்ளன. பாவில் ஏற்றிய அரிசிக் கஞ்சி அதற்கு உணவு. இழைகளோ குட்டிகளுக்குப் பஞ்சணை. நெசவாளர் வீட்டில் இவ்விரண்டும் ஓரிடத்தே கிடைப்பதால்தான் தறியை எலி விடுவதில்லை.

2. எலியால் வரும் கேடு

பாவும் மூட்டையும் கெடுவதை நாம் கண்ணால் காண்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கேடு நோயாகும். எலிக்காய்ச்சல் எனப்படும் நோயின் கிருமி எலியின் சிறுநீரில் வெளிப்பட்டு, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் தங்கி, காலில் உள்ள வெடிப்பு வழியாகவும் புண் வழியாகவும் உடலுள் புகுகின்றது. சேற்றில் நிற்கும் உழவரும், ஈரம் கசியும் தறிக்குழியில் கால் வைத்திருக்கும் நெசவாளரும் இதில் ஒரே நிலையினரே. கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், பின்னர் மஞ்சட்காமாலை ஆகியவை இதன் குறிகள். காலத்தோடு மருத்துவரிடம் சென்று, "வீட்டில் எலி உண்டு, ஈரத்தில் கால் வைத்து வேலை செய்கிறோம்" என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பிடித்தால் எளிதில் தீரும் நோய் இது.

கொள்ளைநோய் எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியால் பரவுகின்றது என்பதை, 1898-ஆம் ஆண்டில் கராச்சி நகரில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கண்டறிந்தார். பொறியோ நஞ்சோ வையாத இடத்தில் எலிகள் தாமே பல செத்துக் கிடந்தால், அவற்றைத் தொடாமல் சுகாதார ஊழியருக்கு உடனே தெரிவித்தல் நம் கடமை.

பாம்பும் எலியைப் பின்தொடர்ந்தே வீட்டிற்குள் வருகின்றது. செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் மக்கள் இதனை நன்கு அறிவர். 1978-ஆம் ஆண்டு முதல் அவர்கள் தமக்கென ஒரு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வடநெம்மேலியில் பாம்பின் நஞ்சை எடுத்து, பாம்புக்கடி மருந்து செய்வதற்கு அளித்து வருகின்றனர். பாம்பைத் தேடுங்கால் அவர்கள் எலிவளைகளையே நாடிச் செல்வர். எனவே எலிவளையை அடைப்பவர் பாம்பின் வழியையும் அடைப்பவராகின்றார்.

3. கொல்வதால் மட்டும் ஏன் குறைவதில்லை?

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஒரு வீட்டில் 20 சுண்டெலிகள் இருப்பதாகக் கொள்வோம். அரும்பாடுபட்டு 15 எலிகளைப் பிடித்துவிட்டோம். எஞ்சிய ஐந்தில் மூன்று பெண்ணாயின், சுமார் 20 நாட்கள் சூல் கொண்டு, ஒவ்வொன்றும் ஐந்து குட்டிகள் ஈனும். மூவைந்து பதினைந்து, பழைய ஐந்துடன் சேர்ந்து மறுபடியும் 20. அக்குட்டிகளும் ஆறு ஏழு வாரங்களில் தாமே ஈனத் தொடங்கும். பிடிபட்டவை போக எஞ்சியவற்றுக்கு உணவும் இடமும் முன்னிலும் மிகுதியாகக் கிடைப்பதால் குட்டிகளும் பிழைத்து வளரும்.

அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1940-களில் இதனை ஆராய்ந்தனர். நஞ்சிட்டுக் கொன்ற தெருக்களில் எலித்தொகை சில மாதங்களில் பழைய அளவுக்கே மீண்டது. குப்பையை அகற்றி, வீடுகளைச் செப்பனிட்ட தெருக்களிலோ தொகை குறைந்து, குறைந்த நிலையிலேயே நின்றது. ஓர் இடத்தில் எத்தனை எலிகள் வாழும் என்பதை முடிவு செய்வது அங்குள்ள உணவும் ஒளிவிடமுமே என்பது இதனால் விளங்கும்.

ஆகவே வேலையின் வரிசை இது: முதலில் உணவை மறைத்தல், அடுத்து வழியை அடைத்தல், அதன் பின்னர் உள்ளே எஞ்சியவற்றைப் பிடித்தல். நம்மிற் பலர் இவ்வரிசையைத் தலைகீழாகத் தொடங்கி, பிடிப்பதோடு நிறுத்திவிடுகின்றோம்.

4. உணவை மறைத்தல்

நெசவாளர் செய்ய வேண்டுவன:

கஞ்சித் தொட்டியையும் கஞ்சி தோய்க்கும் கருவிகளையும் வேலை முடிந்த அன்றே கழுவிக் கவிழ்த்தல் வேண்டும். தறியடியில் சிந்தும் கஞ்சிப் பொருக்கையும் நூற்கழிவையும் நாள்தோறும் மாலையில் கூட்டி அகற்றுக. தறிக்குழியில் உட்கார்ந்து முறுக்கும் கடலையும் தின்னும் வழக்கத்தைக் கைவிடுக. சிறுவர்களுக்கும் இதனைச் சொல்லுக. தறியில் ஏற்றாத பாவையும் நூற் சிட்டங்களையும் மூட்டையாகச் சுவர் ஓரம் வையாமல், மூடியுள்ள தகரப் பெட்டியில் வைக்க. பெட்டி இல்லையேல், உத்திரத்தினின்றும் கம்பியால் தொங்கவிட்டு, அக்கம்பியில் பத்து அங்குல அகலமுள்ள தகரத் தட்டு ஒன்றைக் கோத்துவிடுக. எலி கம்பியில் இறங்கினாலும் தட்டைக் கடக்க இயலாது. எலிக்கு அஞ்சிக் கஞ்சியில் நஞ்சு கலத்தல் ஒருபோதும் கூடாது. இழையைத் தொட்ட கையால் நாம் உண்கின்றோம். உடுப்பவருக்கும் அந்நஞ்சு சென்று சேரும்.

உழவர் செய்ய வேண்டுவன:

தானியத்திற்கு மூடி இறுகிய தகரக் குதிரே சிறந்தது. மண் குதிர் உடையோர் அதன் அடிப்புறத்தைச் சிமெண்டால் பூசி, வாய்க்குப் பொருந்திய மூடி இடுக. மூட்டையாகவே வைக்க நேர்ந்தால், தரையினின்றும் ஓரடி உயரப் பலகையில், சுவருக்கு ஒன்றரை அடி தள்ளி அடுக்குக. அந்த இடைவெளி வீண் என்று எண்ணற்க. ஆள் நடந்து பார்க்க இயலாத மூலையில்தான் எலி கூடு கட்டுகின்றது. மேற்கண்ட உழவரின் கடலை மூட்டை சுவரோடு ஒட்டியிராவிடில், துளை தோன்றிய அன்றே கண்ணுக்குப் பட்டிருக்கும். வைக்கோற்போரும் விறகும் வீட்டுச் சுவரைத் தொடாமல் தள்ளி இருத்தல் வேண்டும். புறத்தே அமைந்த களஞ்சியமாயின், மூன்றடி உயரக் கால்களின் மேல் அமைத்து, ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல் போலத் தகரம் பொருத்துக.

இரு சாராரும் செய்ய வேண்டுவன:

இரவில் எச்சிற் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்தல், ஆடு மாடு கோழிகளுக்கு வைத்த தீவனத்தின் மிச்சத்தை அப்படியே விடுதல், குப்பையைத் திறந்த கூடையில் போடுதல் ஆகிய மூன்றும் எலிக்கு நாம் இடும் விருந்தே. தண்ணீர்ப் பானையையும் தொட்டியையும் மூடி வைத்தால் வீட்டெலிக்கு வாழ்வு கடினமாகும்.

5. வழியை அடைத்தல்

ஒரு பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழையும் துளையில் வீட்டெலி நுழையும். இவ்விரு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருக. பார்க்க வேண்டிய இடங்கள்: சுவரும் தரையும் சேரும் மூலை, கதவின் அடி, சலதாரை, மின்கம்பியும் குழாயும் நுழையும் துளை, ஓட்டுக்கூரை சுவரில் வந்து படியும் இடைவெளி, தறிக்குழியின் நான்கு பக்கம், அண்டை வீட்டோடு பொதுவான சுவர்.

ஒரு துளை எலி நடமாடுவதா, பழையதா என்பதில் ஐயம் இருந்தால், காகிதத்தைக் கசக்கி அதில் தளர்வாகச் செருகி வைக்க. மறுநாள் காலையில் காகிதம் தள்ளப்பட்டிருந்தால் அது நடமாடும் வழியே. சுவரோரமாகச் சாம்பலை மெல்லியதாகத் தூவி வைத்தால் காலடியும் வால் கோடும் பதிந்து, எங்கிருந்து எங்குச் செல்கின்றது என்பது தெரியவரும்.

துணி, காகிதம், மரத்துண்டு, வெறும் மண் ஆகியவற்றால் அடைத்தல் வீண். ஓர் இரவில் குடைந்துவிடும். பாத்திரம் துலக்கும் இரும்பு நாரை இறுகத் திணித்து, அதன் மேல் சிமெண்டுச் சாந்து பூசுக. பெரிய துளைக்கு உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சாந்தில் கலந்து அடைக்கும் பழைய முறையும் நன்றே. கையுறையோ தடித்த சாக்கோ இன்றிக் கண்ணாடியைத் தொடற்க. சலதாரைக்கும் காற்றுப் போக்கிக்கும் கால் அங்குலக் கண்ணுடைய இரும்பு வலை பொருத்துக. கதவின் அடியில் பென்சில் நுழையாதவாறு தகரப் பட்டை அடிக்க. கூரைக்கு மேல் சாயும் மரக்கிளையை மூன்றடிக்குக் குறையாத இடைவெளி இருக்குமாறு வெட்டிவிடுக. வீட்டெலிக்கு அதுவே பாலம்.

ஒன்றை நினைவிற் கொள்க. முதலில் புறச்சுவர்த் துளைகளை அடைத்துப் புதியவை வாராமல் தடுத்து, பின்னர் உள்ளே இருப்பவற்றைப் பிடித்து, நடமாட்டம் ஓய்ந்தபின் உட்சுவர்த் துளைகளை மூடுக. உள்ளே எலி உயிரோடிருக்க எல்லாவற்றையும் ஒருசேர மூடினால், அது புதிய வழி குடையும். அன்றிச் சுவருள்ளே செத்து நாறும்.

6. பொறி வைக்கும் முறை

பொறி வைத்தும் அகப்படவில்லை என்போர் பலர். குறை பொறியில் இல்லை. வைக்கும் முறையில் உள்ளது. எலி திறந்த வெளியில் நடவாது. மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். எனவே பொறியின் இரைப்பக்கம் சுவரைத் தொடுமாறு குறுக்காக வைக்க வேண்டும்.

சுண்டெலியும் வீட்டெலியும் குணத்தில் எதிரெதிரானவை. சுண்டெலிக்குப் புதியதைக் காணும் ஆவல் மிகுதி. ஆனால் நடமாடும் எல்லை குறுகியது. ஆதலால் அதற்குப் பொறி ஒன்று போதாது. ஆறடி எட்டடிக்கு ஒன்றாகப் பல வைத்து, இரண்டு நாட்களில் அகப்படாவிடில் இடம் மாற்ற வேண்டும். வீட்டெலியோ புதிய பொருளைக் கண்டால் ஐயுற்று விலகும். அதற்குப் பொறியைப் பூட்டாமலே மூன்று நான்கு இரவு இரை வைத்து உண்ணப் பழக்கி, பின்னரே பூட்டுக. பொறியின் இடத்தையும் மாற்றற்க.

சுட்ட தேங்காய்ச் சில், கருவாடு, வடை, வறுத்த நிலக்கடலை ஆகியவை நல்ல இரை. எளிதில் கவ்வி ஓடாதவாறு நூலால் கட்டிவிடுக. நெசவாளர் வீட்டிற்கு இன்னொரு வழியும் உண்டு. கூடு கட்ட நூல் தேடும் பெண் சுண்டெலிக்குப் பஞ்சும் நூற்கழிவுமே இரையாகும்.

உடனே உயிர் போக்கும் விற்பொறி, எலிக்கும் துன்பம் குறைந்தது. பசை தடவிய அட்டை கொடியது. ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடிப்பதோடு, பல்லியும் குருவியும் அதில் சிக்கும். கூண்டுப் பொறியைக் காலையும் மாலையும் பார்த்தல் வேண்டும். பிடித்த எலியை அடுத்த தெருவில் கொண்டுபோய் விடும் நண்பர்களும் நம்மிடையே உள்ளனர். அது எலியை ஒழிப்பதாகாது. ஓர் உறுப்பினரின் இழப்பை மற்றோர் உறுப்பினருக்கு மாற்றிக் கொடுப்பதேயாகும்.

செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் எடுத்து, இரண்டடி ஆழத்தில் புதைக்க. புழுக்கை கிடக்கும் இடத்தை உலர்ந்தபடியே பெருக்கற்க. தூசி மூக்கில் ஏறும். வெளுப்புத்தூள் கரைத்த நீரைத் தெளித்துச் சிறிது பொறுத்துத் துடைத்து, கையைச் சோப்பினால் கழுவுக.

பூனை வளர்த்தால் போதாதா எனில், பூனை சிலவற்றைப் பிடிக்கும். ஆனால் சுவர்த் துளைக்குள்ளும் ஓட்டிடுக்கிலும் அதனால் புக இயலாது. மின்சாரத்தில் ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. எலி சில நாட்களில் அவ்வொலிக்குப் பழகிவிடுகின்றது. அப்பணத்திற்குச் சிமெண்டும் இரும்பு வலையும் வாங்குதல் நன்று.

7. நஞ்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக நம் செயல் முடிதல் கூடாது. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த நஞ்சினால் ஒரே குடும்பத்தின் இரு சிறு பிள்ளைகள் உயிரிழந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இதனைப் படிக்கும் எந்தத் தாய்க்கும் வேறு விளக்கம் வேண்டா.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிப்பது. அதற்கு முறிமருந்து இல்லை. உண்டவர் முதல் இரண்டொரு நாள் தேறியவர் போலத் தோன்றிப் பின்னர் இறப்பதுண்டு. துத்தநாக பாஸ்பைடும் அலுமினிய பாஸ்பைடும் ஈரம் பட்டவுடன் நச்சு வாயுவை வெளியிடுபவை. இவற்றிற்கும் முறிமருந்து இல்லை. இவை மக்கள் உறங்கும் வீட்டிற்கு உரியன அல்ல. வயலில் துத்தநாக பாஸ்பைடைப் பயன்படுத்த நேர்ந்தால் வேளாண் அலுவலரின் அறிவுரைப்படியே செய்க. வயலெலிக்குக் காவிரிப் பாசனப் பகுதியில் தஞ்சாவூர்க் கிட்டியைக் கொண்டு நஞ்சின்றியே பிடிக்கும் பழக்கம் நெடுங்காலமாக உள்ளது. வரப்பில் கம்பு நட்டுக் கூகைக்கும் ஆந்தைக்கும் அமரும் இடம் தருவதும் நல்ல உதவியே.

புரோமடியோலோன் கலந்த கட்டிகள் குருதி உறைவதைத் தடுத்து, எலியைச் சில நாட்கள் கழித்துக் கொல்லும். இதற்கு மாற்றாக வைட்டமின் கே மருந்து உண்டு எனினும், மருத்துவமனையில் அளிக்க வேண்டியது அது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் கூகையும் மடியக்கூடும். பொறியாலும் அடைப்பாலும் முடியாத இடத்தில் மட்டும், பிள்ளைகள் கை எட்டாத மூடிய பெட்டியில் வைத்து, எத்தனை கட்டிகள் வைத்தோம் என எழுதி வைத்து, எஞ்சியதை எண்ணித் திரும்ப எடுத்தல் வேண்டும். யாரேனும் எந்த எலி நஞ்சையாவது உட்கொண்டதாக ஐயம் எழுந்தால், வலி தோன்றும் வரை காத்திராமல், நஞ்சின் உறையுடன் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க. வீட்டு வைத்தியத்தில் பொழுது போக்கற்க.

8. தெருவாகச் செய்தல்

இனி இப்பாடத்தின் கருப்பொருளுக்கு வருவோம். ஒருவர் மட்டும் தம் வீட்டை அடைத்தால் எலி அடுத்த வீட்டிற்குச் செல்லும். அடுத்தவர் அடைத்தால் அதற்கடுத்த வீட்டிற்குச் செல்லும். முதலாமவர் வீட்டில் பெருச்சாளி புதிய வளை தோண்டியவுடன் எல்லாம் திரும்பி வரும். எல்லாரும் ஒரே பதினைந்து நாட்களில் செய்தாலொழிய பயன் நிலைக்காது. அதற்கு ஒரு திட்டம் கூறுவோம்.

முதல் நாள்: தெருவின் இரு முனையிலிருந்தும் இருவர் இருவராக வீடுதோறும் சென்று, துளைகளைச் சுண்ணாம்பால் வட்டமிட்டுக் கணக்கெடுத்தல். நெசவாளர் வீட்டை உழவரும், உழவர் வீட்டை நெசவாளரும் பார்ப்பது நன்று. தம் வீட்டுக் குறை தம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை: குப்பை, கழிவு நூல், பழைய மூட்டை ஆகியவற்றை அகற்றி உணவை மறைத்தல். பொதுச் சலதாரையைச் சுத்தம் செய்தல்.

ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை: புறத்துளைகளை அடைத்தல். சிமெண்டு, இரும்பு நார், வலை ஆகியவற்றைத் தனித்தனியே வாங்காமல் ஒன்றாக வாங்கினால் செலவு குறையும். தெருவில் கொத்து வேலை அறிந்தவர் ஒருவர் இருந்தால் அவருக்குக் கூலி கொடுத்து எல்லா வீட்டையும் முடிக்கலாம்.

ஒன்பதாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை: எல்லா வீடுகளிலும் ஒரே இரவுகளில் பொறி. ஒவ்வொருவரும் பத்துப் பொறி வாங்குதல் இயலாது. சங்கம் ஒரு தொகுதி பொறிகளை வாங்கி, நூலகப் புத்தகம் போலத் தெருவுக்குத் தெரு இரவல் கொடுக்கலாம்.

அதன் பின்னர் மாதம் ஒரு முறை பார்வை. அமாவாசையன்று தறியை நிறுத்தும் வழக்கம் பல நெசவாளர் ஊர்களில் உண்டு. அந்நாளில் அரை மணி நேரம் சாம்பல் தூவிப் பார்த்து, புதிய துளையை அன்றே அடைத்துவிட்டால் மறுபடியும் பெருகாது. வாடகை வீட்டில் இருப்போரும், தனித்து வாழும் முதியோரும் தாமே அடைக்க இயலாதவர்கள். அவர்கள் வீட்டையும் தெருவே அடைத்தல் வேண்டும். இஃது ஈகை அன்று. அடைபடாத ஒரு வீடு தெரு முழுவதற்கும் திறந்த வாயில் ஆதலால், நம் நலமே ஆகும்.

தொடக்கத்தில் கூறிய உறுப்பினர் இருவரும் ஒரு மாதம் பேசாதிருந்தவர்கள். கூட்டைக் கண்ட அன்று மாலை, ஒருவர் சுவரின் இப்புறமும் மற்றவர் அப்புறமும் உட்கார்ந்து, ஒரே சட்டிச் சாந்தால் அத்துளையை அடைத்தனர். மறுநாள் நெசவாளர் உழவரின் மூட்டைகளுக்குப் பலகை இட உதவினார். உழவர் தம் பழைய தகரப் பெட்டி ஒன்றை நூல் வைக்கக் கொடுத்தார். தெருவில் மற்ற வீடுகள் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கும் பொருட்டே இதனை எழுதினோம்.

உறுப்பினர் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் தெருவில் பொதுச் சுவர் உள்ள வீடுகள் எத்தனை? அச்சுவர்களை இரு புறமும் பார்த்தவர் யார்?

2. கடந்த ஓராண்டில் எலியால் அறுந்த பாவுக்கும் கெட்ட விதைக்கும் ஒவ்வொரு வீட்டாரும் இழந்தது எவ்வளவு? அத்தொகைக்கு எத்தனை மூட்டைச் சிமெண்டு வாங்கலாம்?

3. வீட்டில் எலி நஞ்சு வைத்திருப்போர் உளரா? அது பிள்ளைகளின் கை எட்டும் இடத்தில் உள்ளதா?

4. சங்கம் இரவல் பொறிகள் வைத்துக்கொள்ள இயலுமா? அவற்றின் பொறுப்பை ஏற்பவர் யார்?

5. அடுத்த அமாவாசைக்குள் தொடங்கக்கூடிய தெரு எது?